மண்ணெண்ணெய் இல்லாமல் கேம்ப்ஃபயர் மூட்ட வீட்டிலிருந்து என்ன செய்து எடுத்துப்போகலாம்?

மேல்மலைப்பயணி (மதுரை):

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பர் கடைசியில் நாங்கள் மூன்று குடும்பத்தார், குழந்தைகள் உட்பட 11 பேர், கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் ஒரு தனியார் தோட்டத்தில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கவிருக்கிறோம். குளிர்காய்வதற்கென்று கல் அடுக்கிக் கட்டிய குழி ஒன்று அங்கே இருக்கிறது. அதில் மட்டும் தீ மூட்டிக்கொள்ளலாம் என்று தோட்டக்காரர் சொல்லியிருக்கிறார். விறகும் அவரே தருகிறார். போன ஆண்டும் இதே இடத்துக்குத்தான் போனோம், பட்ட பாடு கொஞ்சமல்ல. பகல் முழுவதும் மூடுபனியில் கிடந்த விறகின் மேல் மண்ணெண்ணெயை ஊற்றிப் பற்றவைத்தால் ஆளுயரத்துக்கு எரிகிறது. இரண்டு நிமிடத்தில் எண்ணெய் தீர்ந்ததும் விறகு மேலே கறுத்துப்போய், உள்ளே பச்சையாக, கண்ணைக் கரிக்கும் புகையோடு அணைந்துவிடுகிறது. அரை லிட்டரையும் இப்படியே தீர்த்தோம். மூன்றாம் முறை ஊற்றும்போது அடியில் கனன்றுகொண்டிருந்த ஒரு பொறியிலிருந்து குப்பென்று பிடித்து என் முன்கை மயிர் முழுவதும் பொசுங்கியது. பிறகு ஒருவழியாகப் பற்றிய நெருப்பில் சுட்ட மக்காச்சோளத்தில் மண்ணெண்ணெய் வாடை அடித்ததால், குழந்தைகள் ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

இந்த முறை மண்ணெண்ணெயைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். காணொளிகளில் முட்டை அட்டை, பஞ்சு, மெழுகு என்று பலவற்றைக் காட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் பற்றவைப்பது காய்ந்த பிர்ச் மரப்பட்டையில். நம் மலைகளில் அதற்கு எங்கே போவது? வீட்டிலேயே செய்து, காரில் குழந்தைகளோடு பயமின்றி எடுத்துச் செல்லக்கூடிய பற்றுபொருள் எது? வெறும் கற்பூரமே போதும் என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். அது சரிதானா?

குன்னூர்க்குளிர்:

உங்கள் மண்ணெண்ணெய்க் கதையிலேயே பாதி விடை இருக்கிறது. அரை லிட்டர் மண்ணெண்ணெயில் அடங்கியிருக்கும் வெப்பத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால், சில கிலோ ஈர விறகின் நீரை ஆவியாக்க அது தாராளமாகப் போதும். ஆனால் அந்த வெப்பம் முழுவதும் இரண்டே நிமிடத்தில் மேலெழும்பி வானத்துக்குப் போய்விடுகிறது, விறகுக்குள் இறங்குவதற்கு அவகாசமே இல்லை. ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த நீர் போகிற வரையில் அந்த இடத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நின்றுகொண்டிருக்கும். மரமோ 250, 300 டிகிரியைத் தொட்டால்தான் எரியும் வாயுக்களைத் தாராளமாக வெளியிடும். ஆகவே உங்களுக்கு வேண்டியது பெரிய சுடர் அல்ல; பத்து நிமிடமாவது ஒரே இடத்தில் நின்று எரியும் சிறிய சுடர்.

வீட்டில் செய்யும் எல்லாப் பற்றுபொருளும் அடிப்படையில் ஒரு குட்டி மெழுகுவத்திதான். மெழுகு எரிபொருள், நாரோ பஞ்சோ அட்டையோ திரி. மெழுகுக் கட்டியைத் தனியாக நெருப்பில் காட்டினால் உருகி ஓடுமே தவிர எரியாது. நார் அதை உறிஞ்சி மேலே ஏற்றி ஆவியாக்கினால்தான் சுடர் நிற்கும். இது புரிந்துவிட்டால் கையில் கிடைக்கும் எதைக் கொண்டும் நீங்களே செய்துகொள்ளலாம்.

நான் செய்வது இப்படி. முப்பது முட்டை வைக்கும் காகிதக்கூழ் அட்டையை (பிளாஸ்டிக் அட்டை கூடாது) எடுத்து, ஒவ்வொரு குழியிலும் தச்சுப் பட்டறையில் கிடைக்கும் இழைப்புச் சுருளைத் தளர்வாக நிரப்புவேன். ரம்பத்தூளை அழுத்தித் திணித்தால் காற்று புகாமல் புகைந்துகொண்டே இருக்கும், அதனால் சுருள்தான் நல்லது. பழைய மெழுகுவத்தித் துண்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைக் கொதிக்கும் நீர் உள்ள பாத்திரத்தில் இறக்கி உருக்கவேண்டும். அடுப்பில் நேரடியாக வைத்து உருக்கக் கூடாது. மெழுகு அளவுக்கு மீறிச் சூடானால் டப்பாவிலேயே தீப்பிடிக்கும், அதில் தண்ணீர் பட்டால் நெருப்பு நாலாபுறமும் தெறிக்கும். உருகிய மெழுகைக் குழிகளில் ஊற்றும்போது சுருள் நனையவேண்டும், மூழ்கக் கூடாது. அட்டையின் ஒரு ஓரத்தை மெழுகு படாமல் விட்டுவைத்தால் தீக்குச்சியை அங்கே காட்டலாம். ஆறியபின் கத்தரியால் குழி குழியாக வெட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றும் எனக்குப் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் எரிகிறது.

அந்தப் பத்து நிமிடத்துக்குள் அதன் மேல் நீங்கள் எதை வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் தீக்குச்சித் தடிமனில் இரண்டு கைப்பிடி, பிறகு பென்சில் தடிமனில் ஒரு கட்டு, அதன் பிறகே கட்டைவிரல் தடிமன். தோட்டக்காரர் தரும் விறகு கைத்தண்டி இருக்கும். அதை அரிவாளால் நான்காகவோ எட்டாகவோ பிளந்துவிடுங்கள். மூடுபனி நனைப்பது பெரும்பாலும் பட்டையையும் மேற்பரப்பையும்தான். வெட்டி நாளான மரமாக இருந்தால் பிளந்த உள்முகம் காய்ந்தே இருக்கும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும். பச்சை மரம் சத்தென்று சத்தம் காட்டும்.

பிர்ச் பட்டை இல்லையென்று கவலைப்பட்டிருந்தீர்கள். எங்கள் நீலகிரியில் யூகலிப்டஸைக் கற்பூர மரம் என்றே சொல்வார்கள். அதன் பட்டை நீளநீளமாக உரிந்து தொங்கும், இலையில் தைலம் இருப்பதால் சருகு படபடவென்று பிடித்துக்கொள்ளும். உங்கள் தோட்டத்திலும் அந்த மரம் நின்றால், தோட்டக்காரரைக் கேட்டு, மழை படாத இடத்தில் கிடக்கும் பட்டையை ஒரு சாக்கு நிறையச் சேர்த்துவையுங்கள்.

பனங்காட்டான் (உடன்குடி):

குன்னூர் அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி. ஆனால் முட்டை அட்டைக்குப் பதிலாக நம் வீட்டில் குப்பைக்குப் போகும் சிரட்டையை எடுத்துக்கொண்டால் கிண்ணமும் விறகாகிவிடும். காய்ந்த சிரட்டை ஒருமுறை பிடித்துவிட்டால் சுடர் அடங்கியபின்னும் கங்காக நின்று அடிவிறகைச் சுட்டுக்கொண்டே இருக்கும். அட்டையோ எரிந்து சாம்பலானால் அத்தோடு முடிந்தது.

கண் இல்லாத பாதிச் சிரட்டையை எடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயைச் சுரண்டி, இரண்டு மூன்று நாள் வெயிலில் போடுங்கள். தேங்காய் நாரைப் பிரித்து உதறி, தூள் முழுவதும் கொட்டியபின் நீள நாரை மட்டும் குருவிக்கூடு போலச் சுருட்டிச் சிரட்டைக்குள் வையுங்கள். தூளை உதறச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நார்க்கழிவு ஈரத்தைத் தண்ணீர்ப் பஞ்சு போல இழுத்துவைத்துக்கொள்ளும், அதனால்தான் அதைச் செடித்தொட்டிக்குப் போடுகிறார்கள். நார்க்கூட்டின் மேல் மெழுகை ஊற்றி, ஒரு கொத்து நாரை மட்டும் குடுமி போல வெளியே நீட்டி விடுங்கள். பற்றவைக்கும்போது அந்தக் குடுமியில் குச்சியைக் காட்டினால் போதும்.

எங்கள் பக்கத்தில் அடுப்புப் பற்றவைக்க மெழுகுகூடத் தேவைப்பட்டதில்லை. பனையிலும் தென்னையிலும் மட்டையின் அடியில் வலைபோலப் பின்னிக்கிடக்கும் பன்னாடை இருக்கிறதே, அதைக் கசக்கி ஒரு பொறியைக் காட்டினால் போதும். பன்னாடை என்று ஆளைத் திட்டுவார்கள், அடுப்படியில் அதன் அருமை தெரியும். அதன் மேல் காவோலைக் கிழிசல், அதன் மேல் சுள்ளி என்று என் ஆத்தா அடுக்குவார்கள். அடுப்புக்கு மேலே பரணில்தான் மறுநாள் விறகு கிடக்கும். மழைக்காலத்திலும் அது புகையில் காய்ந்துகொண்டே இருக்கும். நீங்களும் முதல் நாள் இரவே மறுநாளுக்கான விறகைக் குழியைச் சுற்றி, தீ தாவாத தூரத்தில், நிறுத்திவையுங்கள். ஒரு சாக்கு பன்னாடையும் காவோலையும் மதுரையிலிருந்து காரில் கொண்டுபோவதில் எந்தச் சிரமமும் இல்லை.

ஆய்வகமணி:

பள்ளியில் வேதியியல் கற்பிப்பவள் என்ற முறையில் கற்பூரக் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். உங்கள் மைத்துனர் பாதி சரி. கற்பூரம் திடநிலையிலிருந்து நேராக ஆவியாகும் பொருள். சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிக்கொண்டிருப்பதால்தான் திறந்துவைத்த கட்டி நாளுக்கு நாள் இளைத்துப்போகிறது. அந்த ஆவி உடனே பற்றிக்கொள்வதால் திரி இல்லாமலே கற்பூரம் எரிகிறது. தீ பிடிப்பதில் அதற்கு இணை நம் வீடுகளில் வேறில்லை. ஆனால் பூஜைக்கு வாங்கும் சிறு வில்லை ஒன்றிரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும், மலைக்காற்றில் அதுவும் நிற்காது. அதாவது உங்கள் மண்ணெண்ணெய்க்கு இருந்த அதே குறை, அளவில் மட்டும் சிறியது. ஆகவே கற்பூரத்தைத் தீக்குச்சிக்கும் சிரட்டைக்கும் இடையிலான பாலமாக வைத்துக்கொள்ளுங்கள்: நார்க்குடுமியின் அடியில் ஒரு வில்லையைச் செருகினால், ஈரக் கையோடு தீக்குச்சியை ஒருமுறை உரசினாலும் காரியம் முடிந்துவிடும். உருகிய மெழுகில் மட்டும் கற்பூரத்தைப் போடாதீர்கள். சூட்டில் அது ஆவியாகி அடுப்பின் சுடரில் பிடித்துக்கொள்ளும்.

குழந்தைகள் வருவதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். கற்பூரம் பார்ப்பதற்குக் கற்கண்டு போலிருக்கும். சிறு குழந்தை ஒன்றிரண்டு வில்லையை விழுங்கினாலும் வலிப்பு வரக்கூடும். மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, பெரியவர்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்தால் ஆவியாகியும் குறையாது.

யாரும் சொல்லாத ஒன்று தேங்காய் எண்ணெய். அது 24 டிகிரியை ஒட்டி உறையும். மதுரையில் எண்ணெயில் நனைத்த பஞ்சு பையெல்லாம் வழியும். கொடைக்கானலின் டிசம்பர்க் குளிரில் அதே பஞ்சு வெண்ணெய் உருண்டை போலக் கெட்டியாகிவிடும். வெளிநாட்டினர் பஞ்சில் வாசலின் தடவுவதும் இதே வேலைக்குத்தான். பஞ்சை முழுவதும் நனைக்காமல் நடுவில் கொஞ்சம் உலர்ந்ததாக விட்டு, பற்றவைக்கும்போது பிய்த்துப் பஞ்சு இழைகளை வெளியே இழுத்துவிடுங்கள். சில நிமிடம் நின்று எரியும். மெழுகு உருக்கும் ஆபத்து இல்லாததால் குழந்தைகளையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளலாம்.

செய்யக்கூடாதவையும் உண்டு. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து நீங்கள் நிற்கும் இடத்துக்கு வந்தபின்தான் பற்றும். சானிடைசரின் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டதென்று நினைத்து மறுபடி ஊற்றினால் சுடர் ஊற்று வழியே புட்டிக்குள் ஏறும். உங்கள் கை பொசுங்கியதும் ஏறத்தாழ இதே கதைதான்: சூடான விறகில் விழுந்த மண்ணெண்ணெய் முதலில் ஆவியாகி, பிறகு மொத்தமாகப் பிடித்திருக்கிறது. சைக்கிள் டியூப் துண்டு நன்றாகப் பிடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் புகையில் சோளம் சுட்டுக் குழந்தைக்குக் கொடுக்கமுடியுமா என்று யோசித்துப் பாருங்கள். சுள்ளி பொறுக்கும்போது அரளிக் குச்சி கலந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள், அதன் புகையும் நஞ்சு.

மேல்மலைப்பயணி:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் ஒரு பழைய இரும்புச் சட்டியில் மூன்றையும் சோதித்துப் பார்த்தேன். விறகை வேண்டுமென்றே ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவைத்திருந்தேன். தேங்காய் எண்ணெய்ப் பஞ்சு ஆறு நிமிடம் எரிந்தது, பிளக்காத விறகை அதனால் அசைக்கமுடியவில்லை. முட்டை அட்டைக் குழி பதினொரு நிமிடம். சிரட்டை பதினான்கு நிமிடம் சுடரோடு எரிந்து, அதன் பிறகும் வெகுநேரம் கங்காகக் கிடந்தது. ஊறிய விறகாக இருந்தாலும் பிளந்து வைத்ததால் எட்டாம் நிமிடத்தில் முனைகளில் நீர் கொப்புளித்து ஆவி பறந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. அந்த நீர் கொப்புளிப்பதைப் பார்த்தபோதுதான் குன்னூர்க்காரர் சொன்ன 100 டிகிரிக் கணக்கு எனக்கு விளங்கியது.

ஒரு ஐயம். ஒன்பது வோல்ட் பேட்டரியைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரில் வைத்தால் தீப்பிடிக்கும் என்று மகன் சொன்னான். வீட்டிலிருந்த சுருள் கம்பியில் வைத்துப் பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. குளிரில் லைட்டரும் தகராறு செய்யும் என்கிறார்கள், எதை நம்புவது?

ஆய்வகமணி:

நீங்கள் வைத்தது துருப்பிடிக்காத எஃகுச் சுருள். அது பட்டையானது, பிடிக்காது. தச்சர்கள் மெருகேற்றப் பயன்படுத்தும், தலைமயிரைவிட மெல்லிய இரும்பு நார் வேண்டும். மின்சாரம் பாய்ந்ததும் அந்த இழை சிவந்து காற்றில் எரியும். வேடிக்கைக்கு நன்று, மகனுக்குப் பாடமாகவும் ஆகும். ஆனால் பேட்டரியையும் நாரையும் ஒரே பையில் போட்டால் பயணத்தின் நடுவிலேயே பாடம் நடந்துவிடும். நெருப்புக்கு அதை நம்பிப் போகவேண்டாம்.

லைட்டரில் இருப்பது பியூட்டேன். அது கொதிப்பது ஏறத்தாழ 0 டிகிரியில். குளிர் கூடக்கூட அழுத்தம் குறைந்து சுடர் சுருங்கும். சட்டைப்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் போதும். தீப்பெட்டியில் முதலில் கெடுவது குச்சியல்ல, பெட்டியின் உரசுபட்டை. சிவப்பு பாஸ்பரஸ் இருப்பது அதில்தான். பெட்டியோடு சேர்த்து இறுகிய டப்பாவில் வையுங்கள்.

தீக்கோடு:

சில ஆண்டுகள் மலையடிவாரத்தில் கோடைக்காலத் தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலையில் இருந்தவன் நான். நீங்கள் தனியார் நிலத்தில், அனுமதியோடு, கட்டிய குழியில் மூட்டுகிறீர்கள், அது சரி. இதைப் படித்துவிட்டு வேறு யாரும் காட்டுக்குள் மூட்டிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: காப்புக்காட்டில் தீ மூட்டுவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ என்ன செய்தது என்பது உங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் யாருக்கும் மறந்திருக்காது. மலையேறப் போனவர்களில் 23 பேரை அது கொண்டுபோயிற்று. டிசம்பரில் புல் பச்சையாக இருக்கும். அதே குழியில் பிப்ரவரி, மார்ச்சில் மூட்டுவதாக இருந்தால் நான் வேண்டாமென்றுதான் சொல்வேன்.

பற்றவைப்பதைப் பற்றி இவ்வளவு எழுதியவர்கள் அணைப்பதைச் சொல்லவில்லை. நீங்கள் சிரட்டை கொண்டுபோவதால் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் சிரட்டைக் கங்கு சாம்பலைப் போர்த்திக்கொண்டு விடியும்வரை உயிரோடு இருக்கும். மண்ணைப் போட்டு மூடாதீர்கள். மண்ணுக்கடியில் கங்கு இன்னும் பத்திரமாக இருக்கும். வாளித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, குச்சியால் கிளறி, மறுபடி தெளித்து, சீறும் சத்தம் நின்றபின் புறங்கையைச் சாம்பலுக்குச் சற்று மேலே பிடித்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி. குழியின் கல் பெயர்ந்திருந்தால் ஓடையிலிருந்து கல் எடுத்துவந்து அடுக்கவும் வேண்டாம். உள்ளே ஊறிய நீர் ஆவியாகிக் கல் வெடித்துச் சில்லுகள் தெறிப்பதை நானே பார்த்திருக்கிறேன். குளிருகிறதென்று கங்கைச் சட்டியில் அள்ளிக் கூடாரத்துக்குள் வைக்கும் பழக்கம் எங்கும் உண்டு. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது, தூங்கியவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள்.

மேல்மலைப்பயணி:

போய்வந்தாகிவிட்டது, கேட்டவன் முடிவைச் சொல்லாமல் விடுவது முறையல்ல. எட்டுச் சிரட்டை, ஒரு சாக்கு பன்னாடை, ஒரு டப்பா கற்பூரம் கொண்டுபோனோம். முதல் இரவு மாலை ஐந்து மணிக்கே விறகைப் பிளந்து மூன்று தடிமனாகப் பிரித்து, தார்ப்பாய்க்கு அடியில் வைத்துவிட்டேன். ஏழு மணிக்கு ஒரே குச்சி, ஒரே சிரட்டை. கால் மணி நேரத்தில் எல்லோரும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போடவேண்டியதாயிற்று.

இரண்டாம் இரவு சறுக்கியது. மைத்துனர் விறகைக் குழியைச் சுற்றி நிறுத்திவைத்தது சரிதான். ஆனால் நாங்கள் தூங்கப்போகுமுன் தண்ணீர் தெளித்துத் தீயை அணைத்தபின் அதை எடுத்து மூடிவைக்க மறந்துவிட்டோம்; விடியற்காலைப் பனி முழுவதும் அதன் மேல்தான் இறங்கியிருந்தது. அன்று மூன்று சிரட்டையும் முக்கால் மணி நேரமும் செலவாயின, ஆனாலும் மண்ணெண்ணெய் தேவைப்படவில்லை, சோளத்தையும் குழந்தைகள் மிச்சம் வைக்கவில்லை. மறுநாள் காலையில் நான்கு வாளி தண்ணீர் ஊற்றிய பின்னும் குழியின் ஒரு மூலையில் சீறல் கேட்டது, தீக்கோடு அய்யா சொன்னபடி ஐந்தாவதையும் ஊற்றினோம். மீந்த நான்கு சிரட்டைகளை வெந்நீர் அடுப்புக்கு வேண்டுமென்று தோட்டக்காரரின் மனைவி கேட்டு வாங்கிக்கொண்டார். நார்க்குடுமியில் கற்பூரம் செருகியிருப்பதை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.